கிட்டப்பார்வை தலையெழுத்தா?

நமது நாட்டில் ஒரு பிள்ளைக்குக் கால் முறிந்தால் கட்டுக் கட்டுகிறவரைத் தேடி ஓடுகிறோம். பாம்பு கடித்தால் முன்பு மந்திரவாதியிடம் ஓடியவர்கள்கூட இப்போது அனேகமாய் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை என்றால் மாத்திரம் நம் ஜனங்களுக்கு ஆயிரம் யோசனை வந்துவிடுகிறது. எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காட்டு ஊர்களில் இதை நாம் வெகு காலமாய்ப் பார்த்து வருகிறோம். முதலில் பிள்ளை பொய் சொல்லுகிறது என்கிறார்கள். பிறகு, படிக்கச் சோம்பல்பட்டுக் கண்ணைச் சாக்குச் சொல்லுகிறது என்கிறார்கள். உபாத்தியாயர் ‘மக்கு’ என்று பட்டம் கொடுத்துக் கடைசிப் பெஞ்சியில் உட்கார வைக்கிறார். அதாவது எட்டத்தில் உள்ளது தெரியாத பிள்ளையை இன்னும் எட்டத்தில் கொண்டுபோய் வைக்கிறார். அதன் பின்பு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார்கள். ஜாதகத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். மாரியம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துகொள்ளுகிறார்கள். இத்தனையும் ஒழிந்து, இரண்டு வருஷம் கழித்துக் கண் வைத்தியரிடம் போகும்போது, ஒன்றாக இருந்த பவர் மூன்றாகி இருக்கிறது. அப்போதாவது புத்தி வருகிறதா என்றால் அதுவும் இல்லை. ‘எல்லாம் அதன் தலையெழுத்து’ என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரனிடம் விலை பேசப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தலையெழுத்து என்பதை எழுதினவன் யார், அவன் ஏன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகவே பார்த்துப் பார்த்து எழுதுகிறான் என்பதை நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டாமா?

கிட்டப்பார்வை என்பது என்ன? கண்ணுக்குள் வெளிச்சம் நுழைந்து, பின்புறமுள்ள விழித்திரையில் சரியாய் விழுந்தால் உருவம் தெளிவாய்த் தெரியும். பிறந்த குழந்தையின் கண்ணுருண்டை முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு 23 அல்லது 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி அளவோடு நிற்க வேண்டும். நிற்காமல் உருண்டை நீண்டுகொண்டே போனால், தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரையை எட்டு முன்னரே குவிந்து, விழித்திரையில் மங்கலாய் விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாய் நீண்டால் கண்ணாடியில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர் ஏறும். ஒரு தடவை நீண்ட கண் திரும்பச் சுருங்குவது கிடையாது. ஆறு, ஏழு வயதில் ஆரம்பித்துவிட்டால் பதினாறு, பதினெட்டு வயது வரை ஏறிக்கொண்டே போகும். சிறு வயதில் வந்தால் வேகமும் அதிகம்.

‘ஏறினால் ஏறட்டும், கண்ணாடியை மாற்றிக் கொள்ளுவோம்’ என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்டு மெலிந்துபோன கண்ணில் விழித்திரை பிய்ந்துகொள்ளலாம். அதன் நடுப்பகுதி நைந்துபோகலாம். கண் அழுத்த நோய் வரலாம். இவை நாற்பது, ஐம்பது வயதில், அதாவது குடும்பத்தைத் தாங்குகிற வயதில் வரக்கூடியவை. அப்போது எந்தக் கண்ணாடியும் உதவாது. பிள்ளைப் பிராயத்தில் ஒரே ஒரு பவர் ஏறாமல் தடுத்தால், பிற்காலத்தில் நடுவிழித்திரை கெடும் அபாயம் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைகிறது என்று 2019-ல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இது அலங்காரச் சங்கதியல்ல, கடைக்காரச் சங்கதியுமல்ல.

நிற்க, தலையெழுத்துக்காரர்களைக் கவனிப்போம். ஜோசியர் சொல்லுவது என்ன? ஜாதகத்தில் இரண்டாம் வீடு வலது கண், பன்னிரண்டாம் வீடு இடது கண், சூரியன் நேத்திர காரகன். இவற்றில் பாபக் கிரகம் நின்றால் கண்ணுக்குத் தோஷம் என்கிறார். நல்லது. கொரியா தேசத்துச் சியோல் பட்டணத்தில் 2010-ம் வருஷம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பரிசோதனையில், 19 வயது வாலிபர்களில் நூற்றுக்கு 96.5 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அந்த ஊரில் பிறந்தவர்கள் அத்தனை பேருக்குமா இரண்டாம் வீடும் பன்னிரண்டாம் வீடும் ஒரே அடியாய்க் கெட்டுப்போயின? அவர்களுடைய பாட்டன்மார்களுக்கு மாத்திரம் அதே கிரகங்கள் அதே வானத்தில் நல்ல பிள்ளையாய் இருந்தனவா?

வம்சவழி என்று சொல்லுகிறவர்கள் ஜோசியரைவிடக் கொஞ்சம் மேலானவர்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கு இடம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது முழுக் காரணமல்ல என்பதற்கு ஒரு உதாரணம் பார்க்கலாம். அலாஸ்காவின் வடகோடியில் பாரோ என்ற ஊரில் பனிப்பிரதேசத்துப் பூர்வகுடிகளைப் பரிசோதித்து 1969-ல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளிக்கூடத்தையே காணாமல் வேட்டையாடித் திரிந்த பெரியவர்களுள் கிட்டப்பார்வைக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் வயிற்றில் பிறந்து, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் கட்டாயமாய்ப் படித்த இளையவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை. ஒரே இரத்தம், ஒரே குடும்பம். ஒரு தலைமுறைக்குள் வம்சம் மாறிவிடுமா? மாறியது வாழ்க்கைதான்.

‘செல்போன்தான் காரணம்’ என்று இப்போது ஒரு பல்லவி கிளம்பியிருக்கிறது. செல்போனை நாம் ஆதரிக்கவில்லை. சோறு ஊட்டுவதற்கு இரண்டு வயதுக் குழந்தையின் கையில் அதைக் கொடுக்கிற பெற்றோருக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதுமில்லை. ஆனால் ஜெர்மனியில் பிரெஸ்லாவ் பட்டணத்தில் ஹெர்மன் கோன் என்ற கண் வைத்தியர் 10,060 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்துப் புத்தகம் போட்டது 1867-ல். அன்றைக்குச் செல்போன் ஏது? மின்சார விளக்கே ஏது? அப்போதே அவர் கண்டது, கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் கிட்டப்பார்வை மிகச் சொற்பம், பட்டணத்து உயர்தரப் பள்ளிக்கூடங்களில் மிக அதிகம், வகுப்பு ஏற ஏறப் பவரும் ஏறுகிறது என்பதாகும். எனவே எல்லாப் பழியையும் ஒரு கருவியின் தலையில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடமும் டியூஷனும் வீடும் தப்பித்துக் கொள்ள முடியாது.

கோயில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்மலர் என்று வெள்ளித் தகட்டில் இரண்டு கண் செய்து மாரியம்மன் கோயில்களில் காணிக்கை கொடுக்கிறார்கள். உண்டியலில் விழுந்த வெள்ளிக் கண்களையெல்லாம் சேர்த்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உண்மையான கண்ணாடி வாங்கலாம் என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? அம்மனுக்கு எதிரில் நின்று தினமும் மூன்று வேளை தீபாராதனை காட்டுகிற பூசாரியே மூக்குக்கண்ணாடி இல்லாமல் அர்ச்சனைச் சீட்டில் உள்ள பெயரைப் படிக்க முடிவதில்லை. பக்கத்திலேயே இருக்கிறவருக்குக் கொடுக்காத கண்ணை, பஸ் ஏறிப் போகிற உங்களுக்கு எப்படிக் கொடுக்கும்? ஒன்று மாத்திரம் சொல்லுகிறோம். நேர்த்திக்கடனால் கண் கெடாது; நேர்த்திக்கடன் பலிக்கட்டும் என்று காத்திருக்கிற ஆறு மாதத்தில்தான் கண் கெடுகிறது. சுமார் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது சின்னக் காலமல்ல.

இதோடு நாட்டு வைத்தியம் என்ற பேரால் நடக்கிற கொடுமைகளும் சேர்ந்துகொள்ளுகின்றன. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் இவற்றையெல்லாம் கண்ணில் விடுகிறார்கள். இவற்றால் கண்ணுருண்டை ஒரு நூலளவுகூடக் குறையாது. கண்ணில் புண் வந்தால் அதுதான் லாபம். பொன்னாங்கண்ணிக் கீரையும் முருங்கைக் கீரையும் கொடுங்கள், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை; மாலைக்கண்ணுக்கு அது நல்லது. ஆனால் மாலைக்கண் வேறு, கிட்டப்பார்வை வேறு. உதயசூரியனைக் கண் கொட்டாமல் உற்றுப் பார்த்தால் பார்வை கூடும் என்று சொல்லுகிறவர்களை என்னவென்று சொல்லுவது? சூரியனை உற்றுப் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். இதில் பக்தனென்றும் நாஸ்திகனென்றும் சூரியன் பேதம் பார்ப்பதில்லை. இந்தப் பித்தலாட்டம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமுமல்ல. நியூயார்க்கில் பேட்ஸ் என்ற வைத்தியர் 1920-ல் ‘கண்ணாடி இல்லாமலே பூரணப் பார்வை’ என்கிற அர்த்தத்தில் ஒரு புத்தகம் போட்டு, கண்ணைச் சுழற்றுவது, உள்ளங்கையால் பொத்துவது முதலிய அப்பியாசங்களைச் சொல்லி வைத்தார். நூறு வருஷமாயும் அதனால் ஒரு பிள்ளையின் கண் நீளுவது நின்றதாக நிரூபணம் கிடையாது. வெள்ளைக்காரன் சொன்னாலும் மூடத்தனம் மூடத்தனம்தான்.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம். பிள்ளைகள் படிப்பதால் கண் கெடுகிறது என்றால் படிக்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது. எத்தனையோ ஆயிரம் வருஷம் படிக்காதே என்று தடுத்து வைக்கப்பட்டிருந்த மக்கள் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் வயிறு வளர்த்த பிள்ளைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் ஊர் ஊராய் வண்டி வந்து, தூக்கக் கலக்கத்தோடு அவர்களை அள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வெகு நாள் போராட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று தாய் தகப்பன்மார். நம் பிள்ளையாவது கட்டை அடுக்காமல் புத்தகம் அடுக்கட்டும் என்று அவர்கள் நினைப்பதைக் குறை சொல்லுகிறவன் மனிதனல்ல. ஆனால் அந்த நல்ல எண்ணத்தைத் தனியார் பள்ளிக்கூடக்காரர்கள் எப்படி விலையாக்குகிறார்கள் என்று பாருங்கள். விடியற்காலையில் வேன் வருகிறது. மாலை மங்கிய பிறகு வேன் திரும்புகிறது. வந்த கையோடு டியூஷன். டியூஷன் முடிந்தால் வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை விசேஷ வகுப்பு. அதையும் இதையும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஒன்று கூலி வேலை, மற்றொன்று படிப்பு. ஆயினும் இரண்டிலும் பிள்ளைகள் பகல் வெளிச்சத்தைக் காணுவதில்லை என்பது மாத்திரம் ஒன்றாகவே இருக்கிறது.

அந்த வெளிச்சத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2008-ல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னியிலும், சிங்கப்பூரிலும் வாழும் சீன இனத்துப் பிள்ளைகள், ஆறு ஏழு வயதினர்; இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கும் கிட்டப்பார்வை ஏறத்தாழ ஒரே அளவு. அப்படியிருந்தும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்குத்தான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாய்ப் படித்தார்களா என்றால், இல்லை, கூடுதலாகவே படித்தார்கள். வித்தியாசம், அவர்கள் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம். பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற ஒரு ரசம் ஊறுகிறது, அது கண் நீளுவதைத் தடுக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். கோழிக்குஞ்சுகளில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இது ஏதோ ஒரு தடவை தற்செயலாய்க் கண்டதல்ல. சீனாவில் குவாங்சோ பட்டணத்தில் 12 பள்ளிக்கூடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மாத்திரம் தினம் 40 நிமிஷம் வெளியில் விளையாட்டு வகுப்புக் கூடுதலாய் வைத்தார்கள். மூன்று வருஷத்தில் புதிதாய்க் கிட்டப்பார்வை வந்தவர்கள், விளையாடிய பள்ளிக்கூடங்களில் நூற்றுக்கு 30 பேர். விளையாடாத பள்ளிக்கூடங்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல். இது 2015-ல் வெளிவந்தது. தைவான் தேசத்தில் 2010 முதல் பிள்ளைகளைத் தினம் 120 நிமிஷம் வெளியில் விடவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பல வருஷமாய் ஏறிக்கொண்டே போன கணக்கு அதன் பிறகு இறங்க ஆரம்பித்தது. எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்தார்களல்லவா? சீனாவில் ஃபெய்செங் என்ற ஊரில் ஆறு வயதுப் பிள்ளைகளில் அதற்கு முந்தின ஐந்து வருஷங்களில் அதிகமாய்ப் போனது நூற்றுக்கு 5.7, அந்த ஒரு வருஷத்தில் 21.5.

நம் தேசத்தின் சங்கதி என்ன என்று கேட்கலாம். டெல்லியில் 2002-ல் வெளியான கணக்கில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 7.4 பேர். 2015-ல் வெளியான கணக்கில் டெல்லிப் பள்ளிக்கூடங்களில் 13.1 பேர், அதிலும் சர்க்கார் பள்ளியைவிடத் தனியார் பள்ளியில் அதிகம். பணம் கட்டிக் கண்ணைக் கெடுத்துக் கொள்ளுவது என்பது இதுதான். அன்றைய ஆந்திர தேசத்துக் கிராமப்புறத்தில் மகபூப்நகர்ப் பக்கம் 2002-ல் வெளியான கணக்கில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான் இருந்தது. டெல்லிக் கணக்கிலும் தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடுகிறவர்களுக்குக் கிட்டப்பார்வை குறைவு என்றே கண்டார்கள்.

இதைக் கேட்டவுடன், ‘உங்களுக்கென்ன, சொல்லிவிடுவீர்கள், எட்டயபுரத்து வெயில் எப்படிப்பட்ட வெயில் தெரியுமா? சித்திரையில் கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கையில் பிள்ளைகளை வெளியில் விட்டால் சுருண்டு விழமாட்டார்களா?’ என்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பிள்ளையைக் கொதிக்கிற வெயிலில் நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளக்கிறார்கள். வகுப்பறைக்குள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ். வெட்டவெளி நடுப்பகலில் லட்சம்வரை. மர நிழலில் ஆயிரக்கணக்கில். தைவானில் 2018-ல் வெளியான பரிசோதனையில் ஆயிரம் லக்ஸுக்கு மேற்பட்ட நடுத்தர வெளிச்சமே, அதாவது மர நிழலே, போதுமான பலன் தருவதாகக் கண்டார்கள். ஒரு வேப்பமரத்தடி போதும், புளியமரத்தடி போதும். காலை எட்டு மணி வெயிலும், மாலை நாலரை மணி வெயிலும் போதும். நமது முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடத்தியது தர்மமோ அதர்மமோ, மரத்தடியில் நடத்தியது மாத்திரம் கண்ணுக்கு நன்மையாய் இருந்தது. இப்போது கட்டடத்துக்குச் சாயம் பூசி, ஜன்னலை அடைத்து, ஏ.சி. வைத்த வகுப்பு என்று அதற்குத் தனிக்கட்டணம் வாங்குகிறார்கள்!

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். செயற்கைப் புல் போட்ட மைதானம் இருக்கிறது. இங்கே பழகிய பிள்ளைகள் தேச அணி வரைக்கும் போயிருக்கிறார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களிலேயே கால அட்டவணையில் விளையாட்டு என்று எழுதியிருக்கிற பீரியடைக் கணக்கு உபாத்தியாயர் வாங்கிக் கொள்ளுகிறார். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அந்த எழுத்தும் காகிதத்தோடு சரி. ‘பாடம் முடியவில்லை’ என்பது அவர் சமாதானம். பாடம் முடியும், கண்ணும் முடியும்.

எல்லாவற்றையும்விட நமக்கு ஆத்திரத்தை உண்டாக்குவது பெண் பிள்ளைகளுக்குச் செய்கிற அக்கிரமம்தான். ஆண் பிள்ளையாவது பள்ளிக்கூடம் விட்டால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். பெண் பிள்ளையை ஓடவிடுவதில்லை. ‘வெயிலில் ஆடினால் கறுத்துப் போவாள், கறுத்துப் போனால் மாப்பிள்ளை கிடைக்காது’ என்று வீட்டுக்குள் பிடித்து வைக்கிறார்கள். பெரியவளாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். கறுப்பு என்றால் என்ன கேவலம்? இந்தக் கரிசல் மண் கறுப்பாய் இருக்கிறதென்று பருத்தி விளைய மாட்டேனென்றா சொல்லிற்று? கம்பும் சோளமும் முகத்தைச் சுளித்துக் கொண்டனவா? யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டான் பின்னால் வந்து நிறம் பார்ப்பான் என்பதற்காக, இன்றைக்கு இருக்கிற பெண்ணின் கண்ணைக் காணிக்கை கொடுக்கிறார்கள். மாரியம்மனுக்கு வெள்ளிக் கண், மாப்பிள்ளைக்குச் சொந்தக் கண்!

இப்படி உள்ளே அடைத்ததனால் கிட்டப்பார்வை வந்துவிட்டால் அடுத்த அக்கிரமம் ஆரம்பிக்கிறது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நமக்குத் தெரிந்த ஒரு தாயார். பெட்டி ஒட்டியே மகளை எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தவர். பள்ளிக்கூடத்துக்கு வந்து கண் பார்த்தவர்கள் கண்ணாடி கொடுத்தார்கள். அது பெட்டிக்குள் துணியில் சுற்றி இருக்கிறது. ஏனம்மா என்று கேட்டால், “சோடாபுட்டின்னு பட்டம் வச்சிட்டா நாளைக்கு எவன்யா கட்டிக்கிடுவான்? போட்டா பவரும் ஏறிக்கிட்டே போகுமாம்லய்யா” என்கிறார். பெண் முன் பெஞ்சியில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். கெட்டிக்காரி என்று பேர். ஆனால் கணக்கில் மாத்திரம் தப்புப் போடுகிறாளாம். மூன்றையும் எட்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவள் வேறெப்படிப் போடுவாள்?

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது நமது ஜனங்களிடம் ஊறிப்போன பொய்களில் ஒன்று. குடை பிடித்தவுடன் மழை கூடிற்று என்றால் குடையினாலா கூடிற்று? மலேசியாவில் கோலாலம்பூரில் இதைப் பரீட்சித்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குச் சரியான பவரிலும், மற்றொரு பகுதிக்கு வேண்டுமென்றே குறைத்தும் கண்ணாடி கொடுத்து இரண்டு வருஷம் பார்த்ததில், குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் அதிகமாய் ஏறிற்று. இன்னமும் சில கண்ணாடிக் கடைகளில் ‘கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கேன், கண்ணு பழகிக்கும்’ என்கிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சீனாவில் ஏழைக் கிராமப்புறங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்துப் பார்த்து 2014-ல் வெளியிட்ட பரிசோதனையில், கண்ணாடி கிடைத்த பிள்ளைகளுக்குக் கணக்கில் மதிப்பெண் உயர்ந்தது. ஆகவே, கல்யாணச் சந்தைக்காகக் கண்ணாடியை மறைக்கிற தாயார், மகளின் படிப்பையும் சேர்த்து அல்லவா மறைக்கிறார்? பெண்ணுக்குக் கண்ணாடி ஆகாது என்று சொல்லுகிற மாப்பிள்ளை வீட்டான் கண்ணாடி போட்டிருக்கிறானா இல்லையா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

வந்துவிட்ட கிட்டப்பார்வையின் வேகத்தைக் குறைக்க வழி உண்டா என்பதற்கு வருவோம். உண்மையைச் சொல்லவேண்டும்: வெளிச்சமும் விளையாட்டும் வருமுன் காப்பதில் கெட்டி, வந்த பின் வேகத்தைக் குறைப்பதற்கு அவை மாத்திரம் போதும் என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. அதற்கு வைத்திய சாஸ்திரம் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. அட்ரோபின் என்ற மருந்தை மிகமிகச் சொற்பமாய்க் கரைத்து ராத்திரி படுக்கும்போது ஒரு சொட்டு விடுவது ஒன்று. சிங்கப்பூரில் 400 பிள்ளைகளிடம் முதலில் கடுமையான அளவில் பரீட்சித்து 2006-ல் வெளியிட்டார்கள். கண் நீளுவது வெகுவாய்க் குறைந்தது, ஆனால் வெளிச்சத்தில் கண் கூசிற்று, மருந்தை நிறுத்தியதும் துள்ளி ஏறிற்று. பிறகு நூறில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தார்கள். ஹாங்காங்கில் 2019-ல் வெளியான பரிசோதனையில் மூன்று அளவுகளை ஒப்பிட்டதில் 0.05 சதவீதம்தான் மிகுந்த பலன் கொடுத்தது. முதல் வருஷத்தில் ஏறுகிற வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. நம் நாட்டில் அதிகமாய் எழுதிக் கொடுக்கிற 0.01 சதவீதத்தைப் பற்றி ஒத்த அபிப்பிராயம் இல்லை; 2021-ல் வெளியான இந்தியப் பரிசோதனையில் பலன் கண்டார்கள், 2023-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் காணவில்லை. இப்படித் தனக்குச் சாதகமானதையும் பாதகமானதையும் சேர்த்தே வெளியிடுகிற யோக்கியதை எந்தக் கோயில் ஸ்தல புராணத்துக்காவது உண்டா என்று கேட்கின்றோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊமத்தையிலும் இந்த அட்ரோபின் இனத்து நஞ்சு இருக்கிறது. ‘அப்படியானால் நம் ஊர் ஊமத்தைச் சாற்றையே விடலாமே’ என்று எந்த அரைகுறை வைத்தியனாவது கிளம்பினால், அவனை ஊரைவிட்டே துரத்துங்கள். வைத்தியர் அளந்து கொடுப்பது மருந்து. இவன் பிழிந்து விடுவது விஷம்.

இரண்டாவது வழி, புதுமாதிரிக் கண்ணாடி. நடுவில் பிள்ளையின் பவரும், சுற்றிலும் சின்னஞ்சிறு புள்ளி வில்லைகளுமாய்ச் செய்தது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் இரண்டு வருஷம் பரீட்சித்து 2020-ல் வெளியிட்டதில், பவர் ஏறுவது சாதாரணக் கண்ணாடியைவிடப் பாதிக்குப் பாதி குறைந்தது. இவை நம் நாட்டிலும் விற்கின்றன. ஆனால் விலை ஆயிரக்கணக்கில். பெட்டி ஒட்டுகிறவரும் பருத்தி எடுக்கிறவரும் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? பணக்காரன் பிள்ளையின் கண் மூன்றில் நிற்கவும், ஏழைப் பிள்ளையின் கண் எட்டுக்குப் போகவும் விட்டுவிட்டு, சாதாரணக் கண்ணாடி ஒன்றை இலவசமாய்க் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று சர்க்கார் இருந்துவிடலாமா? ‘கண்ணொளி காப்போம்’ என்று திட்டம் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுத்ததை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஏறுகிற பவரைத் தடுக்கிற சொட்டு மருந்தும், வருஷம் இரண்டு தடவை அளந்து பார்ப்பதும் அதில் சேராதவரை அந்தப் பேரில் பாதிதான் உண்மை.

எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, காகிதமும் பென்சிலும் இல்லாமல் ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தவர். கீல்வாதத்தால் கை விரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களுக்குத் தக்க கருவிகளைச் செய்துகொண்டு கண்ணில் அறுவை செய்யப் பழகினார். 1976-ல் மதுரையில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கையோடு அவர் ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, திருநெல்வேலி வரை வந்து லட்சக்கணக்கான ஏழைகளுக்கு இலவசமாய்ப் பார்வை கொடுத்திருக்கிறது. அவர் ஒரு சாமியாரின் பேரை அதற்கு வைத்தார். அதில் நமக்கு வேறு அபிப்பிராயம். ஆனால் படலத்தை எடுத்தது அந்தக் கோணல் விரலே தவிர, சாமியார் அல்ல. அந்த மனிதர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, கண்ணுக்கு உப்பு மிளகாய் சுற்றுவது வெட்கக்கேடா இல்லையா?

ஆகவே, வைத்தியரிடம் போகுமுன் செய்யக்கூடியதை இன்றைக்கே செய்யுங்கள். எட்டயபுரம் பஸ் நிலையத்திலோ கோவில்பட்டியிலோ நிற்கும்போது, பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, வருகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு மற்றக் கண்ணை மூடிச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிவது அதற்குத் தெரியவில்லையானால் அந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மார்க்கைப் பற்றி மாத்திரம் கேட்டுவிட்டு வராமல், விளையாட்டுப் பீரியடை யார் எடுக்கிறார், எங்கே எடுக்கிறார் என்று கேளுங்கள். அடுத்த கிராம சபை கூடும்போது இரண்டு தீர்மானம் கொண்டு வாருங்கள்: ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தினம் ஒரு மணி நேரமாவது மரத்தடியில் விடவேண்டும் என்பது ஒன்று, கிட்டப்பார்வையைத் தடுக்கும் சொட்டு மருந்து கோவில்பட்டி சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியர் மேற்பார்வையில் இலவசமாய்க் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. பெண் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கை தூக்கச் சொல்லுங்கள்.